மேற்கோளில் நிலைத்ததும் மேற்கோளில் மறைந்ததும்: மருத்துவ ஆய்வாளர் எல்லாப்பிரகத சுப்பாராவின் வெளியீட்டு வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

ஓர் ஆய்வாளரின் பங்களிப்பை அவர்தம் கட்டுரைகளின் எண்ணிக்கையாலும் அக்கட்டுரைகள் பெற்ற மேற்கோள்களாலும் அளக்கும் வழக்கம் இன்று உயர்கல்வி நிறுவனங்களில் வேரூன்றியுள்ளது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்காவில் ஆய்வு நிகழ்த்திய எல்லாப்பிரகத சுப்பாராவின் (1895–1948) வெளியீட்டுப் பதிவை இவ்வளவுகோலால் நோக்கும்போது, ஒரு முரண் புலப்படுகிறது. இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸை அளக்கும் ஒரு செய்முறைக் கட்டுரை பல்லாயிரம் மேற்கோள்களைப் பெற்றது. கோடிக்கணக்கான நோயாளரைச் சென்றடைந்த மருந்துகளோ அவர் பெயரில் மிகக் குறைவாகவே பதிவாகியுள்ளன. இம்முரண் எவ்வாறு உருவாயிற்று என்பதையும், அது ஆய்வு மதிப்பீட்டுக்கு உணர்த்துவது யாது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சுப்பாராவ், மேற்கோள் எண்ணிக்கை, ஆசிரியர் வரிசை, ஃபோலிக் அமிலம், மெத்தோட்ரெக்சேட், சென்னைக் காசநோய் ஆய்வு.

1. முன்னுரை

ஒரு கட்டுரையைப் பின்வந்தோர் எத்தனை பேர் எடுத்துக்காட்டினர் என்பதைத் தொகுத்து அட்டவணைப்படுத்தலாம் என்னும் கருத்தை யூஜின் கார்ஃபீல்டு 1955இல் ‘சயின்ஸ்’ இதழில் முன்வைத்தார். அக்கருத்து 1964இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையாக உருப்பெற்றது. நூலகத்தில் தொடர்புடைய கட்டுரைகளைத் தேடிக் கண்டடைய உதவும் கருவியாகவே அது தொடங்கியது. காலப்போக்கில் அதே கருவி ஆய்வாளரை எடைபோடும் துலாக்கோலாக மாறியது. 2005இல் இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் எச்-குறியீட்டை அறிமுகப்படுத்தியபின், ஒருவரின் ஆய்வு வாழ்வு முழுவதையும் ஒற்றை எண்ணால் சுட்டும் வழக்கம் பரவியது. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் வெளியிட்ட நெறிமுறைகளின்வழி, கல்விசார் செயல்திறன் குறியீடு ஆசிரியர்தம் நியமனத்தையும் பதவி உயர்வையும் முடிவு செய்யும் கூறுகளுள் ஒன்றாயிற்று.

இவ்வளவுகோல்கள் எவற்றைக் காண்கின்றன, எவற்றைக் காணத் தவறுகின்றன என்பதை அறியக் கடந்தகால ஆய்வாளர் ஒருவரின் பதிவை எடுத்து நோக்குதல் தக்க வழியாகும். அவ்வகையில் சுப்பாராவின் வாழ்வு பொருத்தமான சான்றாக அமைகிறது. மேற்கோள் வரலாற்றின் உச்சிக்கு அருகில் நிற்கும் ஒரு கட்டுரையும், ஆசிரியர் வரிசையில் இடம்பெறாத பெரும்பணிகளும் ஒரே ஆய்வாளரிடம் ஒருங்கே காணப்படுகின்றன.

2. சென்னையில் பெற்ற முதல் மதிப்பீடு

சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் 1895 சனவரி 12ஆம் நாள் பிறந்த சுப்பாராவ், சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றபின் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். தேசிய இயக்கத்தின் தாக்கத்தால் அவர் கதராடை அணிந்து அறுவை மருத்துவப் பயிற்சிக்குச் சென்றார். அது அறுவை மருத்துவப் பேராசிரியரின் அதிருப்திக்குக் காரணமாயிற்று. எழுத்துத் தேர்வுகளில் நன்கு தேறியபோதிலும், எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக அதனினும் தாழ்ந்ததாகக் கருதப்பெற்ற எல்.எம்.எஸ். தகுதியே அவருக்கு வழங்கப்பெற்றது. மாகாண மருத்துவப் பணியில் சேர அவர் மேற்கொண்ட முயற்சியும் பயனளிக்கவில்லை. சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூறியல் விரிவுரையாளராகப் பணியாற்றினார்.

இக்காலத்தில் அவருடைய சகோதரர் இருவர் வெப்பமண்டல ஸ்ப்ரூ என்னும் குடல்நோயால் சில நாள் இடைவெளியில் உயிரிழந்தனர். அந்நோயின் காரணமோ மருந்தோ அன்று எவருக்கும் தெரியாது. 1920களின் தொடக்கத்தில் அறக்கட்டளை ஒன்றின் நல்கையும் மாமனாரின் பொருளுதவியும் கொண்டு சுப்பாராவ் பாஸ்டன் நகரை அடைந்தார். ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் பயின்றபின், அங்குள்ள உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க்கின் ஆய்வகத்தில் இணைந்தார். அத்துறைக்குத் தலைமை வகித்தவர் ஆட்டோ ஃபோலின்.

3. 1925ஆம் ஆண்டுக் கட்டுரை

ஃபிஸ்க்கும் சுப்பாராவும் இணைந்து எழுதிய பாஸ்பரஸ் நிறமானி அளவீட்டுக் கட்டுரை 1925இல் ‘ஜர்னல் ஆஃப் பயாலஜிகல் கெமிஸ்ட்ரி’ இதழின் 66ஆம் தொகுதியில் வெளிவந்தது. அதன் அடிப்படை எளியது. பாஸ்பேட் உள்ள கரைசலில் அமிலம் கலந்த மாலிப்டேட்டைச் சேர்த்தால் பாஸ்போமாலிப்டிக் அமிலம் உருவாகும். அதனை அமினோநாப்தால் சல்போனிக் அமிலத்தால் ஒடுக்கும்போது நீல நிறம் தோன்றும். நீலத்தின் செறிவு பாஸ்பேட்டின் அளவுக்கு ஏற்ப அமைவதால், நிறத்தை அளந்தே பாஸ்பரஸின் அளவைக் கணக்கிடலாம். பெல், டாய்சி ஆகியோரும் பின்னர் பிரிக்ஸும் முன்னரே இவ்வழியில் முயன்றிருந்தனர். எனினும் புதிய ஒடுக்கியைப் பயன்படுத்திய ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை விரைவானதாகவும் பிற பொருள்களின் குறுக்கீட்டுக்கு எளிதில் இடங்கொடாததாகவும் விளங்கியது.

இக்கட்டுரை மேற்கோள்களை ஈர்த்ததற்குக் காரணம் அது புதிய கோட்பாடு ஒன்றை நிறுவியது அன்று. எலும்பு நோயாளரின் இரத்தத்தை ஆராயும் மருத்துவரும், நொதிகளை ஆராயும் வேதியியலாளரும், உயிரணுச் சவ்வுகளை ஆராயும் உடலியலாளரும் பாஸ்பேட்டை அளந்தாக வேண்டும். அளந்தவர் தம் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் அம்முறையைச் சுட்டியாக வேண்டும். இவ்வாறு துறை கடந்து மேற்கோள்கள் பெருகின. கார்ஃபீல்டு தொகுத்த, மிகுதியாக மேற்கோள் காட்டப்பெற்ற கட்டுரைகளின் பட்டியலில் இடம்பெற்ற மிகப் பழைய கட்டுரைகளுள் இதுவும் ஒன்று.

செய்முறைக் கட்டுரைகளுக்கே உரிய இவ்வியல்பு பிறவிடத்தும் காணப்படுகிறது. 2014இல் ‘நேச்சர்’ இதழ் வெளியிட்ட பட்டியலில் மூன்று லட்சத்திற்கும் மேற்பட்ட மேற்கோள்களுடன் முதலிடம் பெற்றது, ஆலிவர் லௌரியும் உடனாய்வாளரும் 1951இல் வெளியிட்ட புரத அளவீட்டுக் கட்டுரையாகும். அம்முறையின் கருவியாக அமைந்தது ஃபோலினின் பெயர்தாங்கிய வினைப்பொருளே. தம் ஆய்வுகளுள் அது தலைசிறந்தது அன்று என்பதை லௌரி தாமே ஒப்புக்கொண்டிருந்தார். ஆதலின் மிகுதியான மேற்கோள் என்பது மிகுதியான பயன்பாட்டின் சான்று எனலாம். அதனையே கண்டுபிடிப்பின் உயர்வுக்கும் சான்றாகக் கொள்வது பிழையாகும்.

4. அளவீட்டிலிருந்து கண்டுபிடிப்புக்கு

தசையின் சாற்றில் தம் முறையைச் செயற்படுத்தியபோது நீல நிறம் உடனே முழுமையடையாமல் சிறிது சிறிதாகக் கூடிக்கொண்டே செல்வதை ஃபிஸ்க்கும் சுப்பாராவும் கண்டனர். இதனைக் கருவியின் குறையாக அவர்கள் ஒதுக்கிவிடவில்லை. தசையில் உள்ள ஏதோ ஒரு நிலையற்ற பொருள் சிதைந்து பாஸ்பேட்டை வெளியிடுகிறது என உய்த்துணர்ந்தனர். அப்பொருள் பாஸ்போகிரியாட்டின் என 1927இல் ‘சயின்ஸ்’ இதழில் அறிவிக்கப்பெற்றது. அதே காலத்தில் இங்கிலாந்தில் எகிள்டன் இணையரும் இப்பொருளைத் தனித்துக் கண்டறிந்து ‘பாஸ்பஜென்’ எனப் பெயரிட்டிருந்தனர். தசைச் சுருக்கத்திற்கு லாக்டிக் அமிலமே அடிப்படை என்னும் விளக்கம் அன்று செல்வாக்குடன் விளங்கியது. தசை ஆய்வுக்காக ஆர்ச்சிபால்டு ஹில்லும் ஆட்டோ மேயர்ஹாஃபும் 1922ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றிருந்தனர். பாஸ்போகிரியாட்டின் அவ்விளக்கத்தை மறுஆய்வுக்கு உட்படுத்தியது.

1929இல் உயிரணுவின் ஆற்றல் நாணயமெனப் பின்னாளில் அறியப்பெற்ற ஏ.டி.பி. மூலக்கூற்றையும் இருவரும் பிரித்தெடுத்தனர். அவர்தம் அறிவிப்பு அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்தது. செருமனியின் கார்ல் லோமான் ஆகஸ்டிலேயே தம் முடிவை வெளியிட்டுவிட்டார். பாடநூல்கள் பெரும்பாலும் லோமானையே ஏ.டி.பி.யைக் கண்டறிந்தவராகக் குறிக்கின்றன. சில வார இடைவெளி ஒரு பெயரைப் பாடநூலில் நிறுத்தியும் மற்றொன்றை அடிக்குறிப்புக்கு ஒதுக்கியும் விட்டது.

5. முதலாசிரியரும் பெயர் வடிவமும்

1925ஆம் ஆண்டுக் கட்டுரையின் மேற்கோள்கள்கூடச் சுப்பாராவின் பெயரில் முழுமையாகச் சேரவில்லை. அச்சு வடிவ அறிவியல் மேற்கோள் அட்டவணையில், மேற்கோள் பெற்ற கட்டுரைகள் அனைத்தும் முதலாசிரியர் பெயரின்கீழ் மட்டுமே வரிசைப்படுத்தப்பெற்றன. ஃபிஸ்க்கின் பெயரைத் தேடுபவர்க்கு அக்கட்டுரை கிட்டும். சுப்பாராவின் பெயரைத் தேடுபவர்க்கு அது கிட்டாது.

பெயர் வடிவமும் மற்றொரு சிக்கலாகும். எல்லாப்பிரகத என்பது குடும்பப் பெயர். சுப்பாராவ் என்பது இட்ட பெயர். ஆங்கில வழக்கில் குடும்பப் பெயர் முதலெழுத்தாகச் சுருங்கி, இட்ட பெயர் குடும்பப் பெயரின் இடத்தைப் பிடித்தது. அதுவும் ஒரே சொல்லாகவும், இரு சொல்லாகவும், இடையில் பேரெழுத்து இட்டும், இறுதி எழுத்து மாறியும் பலவாறு அச்சேறியது. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னொட்டாகக் கொள்ளும் தமிழ் ஆய்வாளர்க்கும் இச்சிக்கல் புதியதன்று. ஒருவரே இருவராகவும், இருவர் ஒருவராகவும் தரவுத்தளங்களில் பதிவாகும் நிலை இன்றும் தொடர்கிறது. இதற்குத் தீர்வாகவே 2012 முதல் ஆர்சிட் என்னும் தனி அடையாள எண் வழங்கப்பெறுகிறது.

ஹார்வர்டில் சுப்பாராவுக்கு நிலையான பேராசிரியப் பதவி வாய்க்கவில்லை. அவர் பிரித்தெடுத்த நியூக்ளியோடைடுகள் சில உரிய காலத்தில் வெளியிடப்பெறாமையால், பிறர் அவற்றைப் பின்னர் மீண்டும் கண்டறிய நேர்ந்தது என அதே துறையில் பயின்று பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் குறிப்பிட்டுள்ளார். வெளியிடப்பெறாத ஆய்வு மேற்கோள் பெறாது. மேற்கோள் பெறாத ஆய்வு மதிப்பீட்டாளர் கண்ணில் நிகழாத ஆய்வாகவே நின்றுவிடுகிறது.

6. லெடர்லே ஆண்டுகள்

1940இல் சுப்பாராவ் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இயங்கிய லெடர்லே ஆய்வகத்தில் இணைந்தார். பின்னர் அதன் ஆய்வு இயக்குநரானார். அவர் வாழ்வின் இறுதி எட்டு ஆண்டுகள் அங்குக் கழிந்தன. மருத்துவ வரலாற்றில் அவர் பெற வேண்டிய இடத்தை உறுதிசெய்வன அவ்வாண்டுகளே. ஆசிரியர் என்னும் நிலையில் அவர் மிகுதியாக மறைந்த காலமும் அதுவே.

முதலாவது ஃபோலிக் அமிலம். லூசி வில்ஸ் பம்பாயில் கருவுற்ற பெண்களின் இரத்தசோகையை ஆராய்ந்து, ஈஸ்ட் சாற்றில் உள்ள ஏதோ ஒரு சத்து அதனைக் குணப்படுத்துகிறது என 1931இல் அறிவித்திருந்தார். அச்சத்தை ஃபோலிக் அமிலமாக இனங்கண்டு, அதன் அமைப்பையும் செயற்கை ஆக்கமுறையையும் சுப்பாராவின் தலைமையிலான குழு வெளிக்கொணர்ந்தது. 1946ஆம் ஆண்டின் ‘சயின்ஸ்’ கட்டுரையில் பதினாறு ஆசிரியர் பெயர்கள் உள்ளன. அவை அந்தந்த ஆய்வகக் குழுவுக்குள் ஆங்கில அகரவரிசையில் அமைந்தமையால், முதலெழுத்தின் பேறாக ஆங்கியர் முதலிடம் பெற்றார். அதனை எடுத்துக்காட்டுவோர் ‘ஆங்கியரும் பிறரும்’ என்றே குறிப்பர். ஆய்வை வழிநடத்தியவர் ‘பிறர்’ என்னும் சொல்லுக்குள் அடங்கிவிட்டார். சகோதரரைக் கொன்ற ஸ்ப்ரூ நோயாளருக்கு ஃபோலிக் அமிலம் பயனளித்ததை அவர் தம் வாழ்நாளிலேயே கண்டார்.

இரண்டாவது, ஃபோலிக் அமிலத்தின் எதிர்ப்பொருள்கள். அமினோப்டெரின் என்னும் அத்தகைய மருந்தைக் கொண்டு பாஸ்டனின் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்தார். பதினாறு குழந்தைகளுள் பத்துப் பேரிடம் தற்காலிக முன்னேற்றம் காணப்பட்டதை அவர் 1948 சூன் 3ஆம் நாள் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் அறிவித்தார். புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை வரலாற்றின் தொடக்கங்களுள் ஒன்றாக அக்கட்டுரை போற்றப்படுகிறது. சுப்பாராவும் அவர்தம் குழுவினரும் மருந்தை ஆக்கியளித்தோராக அதில் குறிப்பிடப்பெற்றனரேயன்றி ஆசிரியர்களாக இடம்பெறவில்லை. அம்மருந்தின் நெருங்கிய உறவாகிய மெத்தோட்ரெக்சேட், 1956இல் மின் சியூ லீ, ராய் ஹெர்ட்ஸ் ஆகியோர் கையில் நச்சுக்கொடிப் புற்றைக் குணப்படுத்தும் மருந்தாக நிறுவப்பெற்றது.

மூன்றாவது, யானைக்கால் நோய்க்குரிய டை-எத்தில் கார்பமசின். அது ஹூவிட்டும் உடனாய்வாளரும் 1947இல் வெளியிட்ட கட்டுரைகளின்வழி அறியப்பெற்றது. நான்காவது, டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்தான ஆரியோமைசின். அது 1948இல் பெஞ்சமின் டக்கர் பெயரில் அறிவிக்கப்பெற்றது. காப்புரிமைகள் நிறுவனத்தின் உடைமையாயின. குழுவினர் தத்தம் பெயரில் வெளியிட இடங்கொடுத்துத் தாம் பின்னிற்பதை இயக்குநராகிய சுப்பாராவே விரும்பினார் என அவர் வாழ்க்கை வரலாறு கூறுகிறது. 1948 ஆகஸ்டில், தம் 53ஆம் வயதில், அவர் உறக்கத்தில் காலமானார்.

7. 1949: திருவண்ணாமலையில் ஒரு நோய்ப்படுக்கை

இம்மருந்துகள் தோன்றிய காலத்தில் தமிழகத்தில் புற்றுநோய்ச் சிகிச்சை எந்நிலையில் இருந்தது என்பதற்கு நன்கறியப்பெற்ற ஒரு நிகழ்வு திருவண்ணாமலையில் பதிவாகியுள்ளது. ஃபார்பரின் கட்டுரை வெளிவந்து எட்டு மாதங்கள் கழிந்த நிலையில், 1949 பிப்ரவரியில், ரமணாசிரமத்தில் ரமண மகரிஷியின் இடது முழங்கை அருகே தோன்றிய கட்டி அறுத்தெடுக்கப்பெற்றது. அது மீண்டும் வளர்ந்தது. சார்கோமா என்னும் புற்று என அறியப்பெற்றது. அவ்வாண்டு முடிவதற்குள் நான்கு முறை அறுவைச் சிகிச்சை நிகழ்ந்தது, ரேடியமும் பயன்படுத்தப்பெற்றது. கையை நீக்கலாம் என்னும் யோசனையை அவர் ஏற்கவில்லை. 1950 ஏப்ரல் 14ஆம் நாள் அவர் மறைந்தார்.

கத்தியும் கதிரும் அன்றி வேறு கருவி அக்கால மருத்துவரிடம் இல்லை என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. அமினோப்டெரின் குழந்தைகளின் இரத்தப் புற்றில் மட்டும் சோதிக்கப்பெற்ற தொடக்கநிலை மருந்தாகவே அன்று இருந்தது. சதைப் புற்றுக்கு அது பயன்பட்டிருக்கும் எனக் கூறுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆயினும் மருந்தால் புற்றை எதிர்கொள்ளலாம் என்னும் எண்ணத்திற்கு, சென்னை மருத்துவக் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் அப்பொழுதுதான் வழிவகுத்துச் சென்றிருந்தார். அவர் பெயரை அறிந்தோர் அம்மாகாணத்திலேயே அரியர்.

இன்று நிலை வேறு. ஃபோலிக் அமிலம், மெத்தோட்ரெக்சேட், டை-எத்தில் கார்பமசின் ஆகிய மூன்றும் உலக நலவாழ்வு நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் உள்ளன. தமிழகத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கருவுற்ற பெண்களுக்கு இரும்புச் சத்துடன் ஃபோலிக் அமில மாத்திரை வழங்கப்பெறுகிறது. 1955இல் தொடங்கிய தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டமும், திருவண்ணாமலை உள்ளிட்ட வடமாவட்டங்களிலும் நடைபெற்ற கூட்டு மருந்து வழங்கலும் டை-எத்தில் கார்பமசினையே நம்பியிருந்தன. மாத்திரை அட்டையில் ஆய்வாளர் பெயர் அச்சிடப்பெறுவதில்லை. அதனை விழுங்குவோர் எவரும் மேற்கோள் அளிப்பதுமில்லை.

8. உட்கலந்து மறைதல்

ஒரு கண்டுபிடிப்பு பொதுஅறிவாக நிலைபெற்றபின் அதன் மூலக்கட்டுரை சுட்டப்பெறாமல் போவதைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் ‘உட்கலத்தலால் அழிதல்’ என விளக்கினார். ஃபோலிக் அமிலத்தைக் குறிப்பிடும் எவரும் இன்று 1946ஆம் ஆண்டுக் கட்டுரையைச் சுட்ட வேண்டியதில்லை. வெற்றியே மேற்கோளின் வற்றலுக்குக் காரணமாகிறது.

பெயரற்ற பங்களிப்பு தொழில் நிறுவன ஆய்வகத்துக்கு மட்டும் உரியதன்று. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச் சிகிச்சை மையம் இதற்கு மற்றொரு சான்றாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியன இணைந்து அதனை நடத்தின. 193 நோயாளரை இரு பிரிவாக்கி, வீட்டிலிருந்தே மருந்துண்போரையும் சானடோரியத்தில் தங்கியோரையும் அம்மையம் ஒப்பிட்டது. வீட்டுச் சிகிச்சையும் இணையான பயன் தருகிறது என்னும் அம்முடிவு 1959இல் வெளிவந்து, உலகின் காசநோய்க் கொள்கையை மாற்றியது. அக்கட்டுரையின் ஆசிரியராக அச்சேறியது மையத்தின் பெயர் மட்டுமே. வீடுவீடாகச் சென்று மருந்து உட்கொள்ளப்பட்டதா எனச் சோதித்த பணியாளர், சளியை ஆராய்ந்த ஆய்வுக்கூடத்தார், தரவைத் தொகுத்த புள்ளியியலார் எவருடைய எச்-குறியீட்டிலும் அக்கட்டுரை சேராது. கூட்டுழைப்பை நேர்மையாக அறிவிக்க எடுத்த முடிவு, தனியாள் கணக்கில் இழப்பாகப் பதிவாகிறது.

9. முடிவுரை

சுப்பாராவின் வெளியீட்டுப் பதிவு மூன்று செய்திகளை உணர்த்துகிறது. மேற்கோள் எண்ணிக்கை ஒரு கட்டுரையின் பயன்பாட்டை நன்கு காட்டுகிறது. அதன் அறிவுப் பெருமையைக் காட்டுவதில் தடுமாறுகிறது. ஆசிரியர் வரிசை, பெயர் வடிவம், அட்டவணையின் அமைப்பு போன்ற ஆய்வுக்குப் புறம்பான கூறுகள் அவ்வெண்ணிக்கையைப் பெரிதும் மாற்றவல்லன. மருந்தாகவும் நடைமுறையாகவும் மக்களிடம் சென்று சேரும் ஆய்வு, கட்டுரை உலகிலிருந்து வெளியேறிவிடுவதால் எண்ணிக்கைக்குள் அகப்படுவதில்லை.

ஆய்வு மதிப்பீடு குறித்த சான் பிரான்சிஸ்கோ பிரகடனமும் (2013), லைடன் அறிக்கையும் (2015) எண்களைத் தனித்த தீர்ப்பாகக் கொள்ளலாகாது என்றும், அறிஞர்தம் ஆய்ந்த மதிப்பீட்டுக்கு அவை துணையாக அமைய வேண்டும் என்றும் வலியுறுத்துகின்றன. அவ்வலியுறுத்தலுக்குச் சுப்பாராவின் வரலாறு முக்கால் நூற்றாண்டுக்கு முந்தைய சான்றாக நிற்கிறது. சென்னையில் உடையை வைத்தும், ஹார்வர்டில் பதவி மறுத்தும், அட்டவணையில் முதலாசிரியர் பெயரை வைத்தும் அவர் அளக்கப்பட்டார். 1953இல் பூஞ்சைப் பேரினம் ஒன்றுக்குச் சூட்டப்பெற்ற ‘சுப்பாரோமைசிஸ்’ என்னும் பெயரும், 1995இல் இந்திய அரசு வெளியிட்ட அஞ்சல்தலையும் அக்கணக்கைச் சிறிதளவே நேர்செய்கின்றன. நியமனக் குழுவின்முன் ஒருவரின் எச்-குறியீடு வைக்கப்பெறும்போது, அவர்தம் ஆய்வு எவருடைய கையில், எவ்வடிவில் சென்று சேர்ந்தது என்னும் வினாவும் உடன் எழுப்பப்பெறுமாயின், எண்ணுக்குள் அடங்காத உழைப்பும் மதிப்பீட்டுக்குள் வரும்.